காலணிகளை இங்கே விடவும்

மரியாதைக்காரர் என்றொரு இனம் நம் நாட்டில் செழிப்பாக வளர்ந்து வருகிறது. அவமரியாதை செய்கிறவரை நமக்குச் சுலபமாக அடையாளம் தெரியும். குரலை உயர்த்துவார், கையை நீட்டுவார், வேட்டியை மடித்துக் கட்டுவார். நாமும் காலாகாலத்தில் ஒதுங்கிக்கொள்ளலாம். மரியாதைக்காரரிடம் அந்த வசதி கிடையாது. இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டே வருவார், நம் கையிலிருக்கும் பொருளை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார், "இவ்வளவு உசத்தியானதை இப்படியா கண்ட இடத்தில் போட்டு வைப்பது?" என்று மனம் நொந்து கேட்பார், கேட்டுக்கொண்டே அதைத் துடைத்து, உறை போட்டு, யாருக்கும் எட்டாத உயரத்தில் ஏற்றி, கீழே நின்று ஒரு கும்பிடும் போட்டுவிட்டுப் போவார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பொருள் நமக்கு உதவாது.

அவர் வீட்டுக்குள் போயிருக்கிறீர்களா? டிவி ரிமோட் பிளாஸ்டிக் உறைக்குள் கிடக்கும். செய்திக்கு அழுத்தினால் சமையல் வரும். சோபாவுக்கு உறை, உறை அழுக்காகாமலிருக்க அதன்மேல் ஒரு துண்டு, துண்டின்மேல் நாம் உட்காரப் போனால் "இப்படி வாங்களேன், இந்த நாற்காலி காற்றோட்டம்" என்று ஒரு அழைப்பு. கலியாணத்துக்கு வந்த சுவர்க்கடிகாரம் முப்பது வருஷமாகக் கண்ணாடித் தாள் உரிக்கப்படாமலே மணி காட்டிக்கொண்டிருக்கும். கெட்ட மனிதரா என்றால், இல்லை. ஒருவரையும் நீ, வா, போ என்று பேசமாட்டார். குப்பை வண்டிக்காரரைக்கூட "வாங்க, போங்க" என்பார். அவர் கேட்டைத் தொட்டுவிட்டுப் போனபிறகு துடைக்கவும் செய்வார்.

இந்த இனத்தின் அசல் மாதிரி நம் ஜானகிராமன். கடற்கரைச் சாலையோரம் ஒரு குடியிருப்பில் வாசம். பூர்வீகம் கும்பகோணம் பக்கம். அரசு அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தபோதே குடியிருப்பின் மனமகிழ் மன்ற நூலகத்தை இலவசமாகக் கவனித்துக்கொண்டார். அவர் பொறுப்பேற்ற நாளில் அங்கே கிழிந்த புத்தகங்கள் நாற்பது இருந்தன. விலகிய நாளில் ஒன்றுகூட இல்லை. படிக்க வருகிற ஆளும் ஒருவர்கூட இல்லை. அலமாரிச் சாவி அவர் இடுப்பிலேயே இருந்தது, "படிக்கிறேன்னு எடுத்துட்டுப் போறவன் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டறான் சார், சரஸ்வதி என்ன ஆகறது?" என்பார். அவர் மனைவி கல்யாணி மட்டும், வருகிறவர்களிடம், "நல்லவேளை, என் மேல அவ்வளவு மரியாதை இல்லை. இருந்திருந்தா என்னையும் ஷோகேஸ்ல வெச்சுப் பூட்டியிருப்பார்" என்று சொல்லிச் சிரிப்பார்.

இப்படிப்பட்டவர் கையில் ஒரு தலைவர் அகப்பட்டால் என்ன ஆகும்?

அகப்பட்டார். சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே, டச்சுக்கோட்டையின் செங்கல் சுவர் கண்ணுக்கு மறைகிற தூரத்தில், ஆலப்பட்டு என்று ஓர் ஊர். மேற்கே காலனி, கிழக்கே கடற்கரைச் சாலை, நடுவில் ஒரே ஒரு தெரு. தொண்ணூறு வருஷத்துக்கு முன் அந்தத் தெருவில் சேரி ஆட்கள் நடக்கலாம். ஆனால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும், குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டும் என்பது ஊர்க்கட்டு. ஒருநாள் காலையில் திருவேங்கடம் என்கிற இளைஞன் செங்கல்பட்டுச் சந்தையில் வாங்கிய தோல் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு, குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, அந்தத் தெருவின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை சரக் சரக்கென்று நடந்தான். அடித்தார்கள். மறுநாளும் நடந்தான். மூன்றாம் நாள் அவன் பின்னால் பதினோரு பேர் நடந்தார்கள். வழக்கு செங்கல்பட்டுக் கோர்ட்டுக்குப் போய், "தெரு என்றால் எல்லாருக்கும் தெரு, காலில் எதைப் போட்டுக்கொள்வதென்பது காலுக்கு உரியவரின் இஷ்டம்" என்று தீர்ப்பு வந்தது. பிறகு அவர் திருவேங்கடனார் ஆகி, இதே மாதிரி எத்தனையோ ஊர்களில் எத்தனையோ தெருக்களில் நடந்து, நாடறிந்த தலைவராகி, காலமும் ஆனார். அந்தத் தெருவையே தேசிய நினைவிடமாக்குவது என்று டெல்லியில் முடிவானது.

தெருவின் இரண்டு முனையிலும் வாசல் வைத்து, நடுவில் சிலைக்குப் பீடம் கட்டி, இருபுறமும் செடி வைத்தார்கள். மக்கள் எப்போதும்போல அதன் வழியாகவே போய்வர வேண்டும், அதுதான் நினைவுச்சின்னம் என்பது வரைபடம் போட்டவரின் எண்ணம். உள்ளூர்ப் பராமரிப்புக் குழுவுக்கு கௌரவச் செயலாளர் ஒருவர் தேவைப்பட்டார். காசு பணம் எதிர்பார்க்காத ஆள், கணினியில் கடிதம் அடிக்கத் தெரிந்த ஆள், திருவேங்கடனாரின் பேச்சுகளை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய ஆள். வேறு யார்? ஜானகிராமன் தலைவரைப் பற்றி எண்பது பக்கத்தில் ஒரு சிறு நூலே எழுதியிருந்தார். எழுதும்போது இரண்டு இடத்தில் அழுதிருந்தார். பொய்யழுகை அல்ல. மரியாதைக்காரர் அழுதால் நிஜமாகவே அழுவார். பொறுப்பேற்ற அன்று மாலையே அவர் செய்த முதல் காரியம், இரண்டு வாசலுக்கும் பூட்டு வாங்கியது.

சிலை மாமல்லபுரத்தில் செதுக்கப்பட்டுக்கொண்டிருந்தது. உளிச்சத்தமும் கல்தூசியும் பறக்கிற பட்டறைக்குள் மூக்கைப் பொத்திக்கொண்டு நுழைந்த ஜானகிராமன், ஸ்தபதி லட்சுமணனை ஓரமாக அழைத்தார்.

"ரொம்பப் பிரமாதமா வந்திருக்கு. ஒரே ஒரு விண்ணப்பம். காலில் அந்தச் செருப்பு அவசியமா?"

லட்சுமணன் உளியைக் கீழே வைத்தார். "புரியலையே சார்."

"மாலை போடுவாங்க, கற்பூரம் காட்டுவாங்க, பெரிய மனுஷங்கல்லாம் காலில் விழுந்து கும்பிடுவாங்க. செருப்பைக் கும்பிடற மாதிரி ஆயிடுமேன்னு பார்க்கறேன். வெறுங்காலா இருந்தா ஒரு சாந்நித்யம் இருக்கும்."

"செருப்ப எடுத்துட்டா இவுரு வேற ஆளுங்க சார்" என்றார் லட்சுமணன். "அப்புறம் கீழ என்னா பேரு வெட்றது?"

செருப்பு விஷயத்தை ஜானகிராமன் அங்கேயே விட்டுவிட்டார். ஆனாலும் மரியாதைக்காரர் தோற்பதில்லை. பீடத்தை இரண்டடி உயர்த்தி, சுற்றிலும் இரும்புக் கம்பிக்கூண்டு அமைத்து, யாரும் காலைத் தொடமுடியாதபடி செய்துவிட்டார். மணலும் சரளையுமாகக் கிடந்த தெருவில் முகம் தெரிகிற மாதிரி பளபளவென்று கறுப்பு கிரானைட் பதிக்கச் செய்தார். பதித்த மறுநாள் காலையில் அதன்மேல் யாரோ நடந்துபோன செருப்புத் தடம் தூசியாகத் தெரிந்தது. தோளிலிருந்த துண்டை எடுத்து அவரே துடைத்தார். திருவேங்கடனார் நடந்த புண்ணிய பூமியில் செருப்புக்காலா? அன்றைக்கே போர்டு வந்தது. பித்தளையில், அழகான எழுத்தில்: "புனிதமான இடம். காலணிகளை இங்கே விடவும்."

எந்தத் தெருவில் செருப்புப் போட்டதற்காக ஒரு மனிதர் அடி வாங்கினாரோ, அவர் நினைவைப் போற்றி அந்தத் தெருவிலேயே செருப்புக்குத் தடை! இதை யோசித்துச் செய்ய ஒரு எதிரியால் முடியுமா? பக்தரால்தான் முடியும்.

போர்டு மாட்டிய மறுநாள் விடிகாலை ஆறு மணிக்குக் காலனிப் பக்க வாசலில் செங்கம்மாள் வந்து நின்றார். நாற்பத்தைந்து வயது, அன்று திருவேங்கடனார் பின்னால் நடந்த பதினோரு பேரில் ஒருவரின் பேத்தி. சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அந்தப்பக்கம் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியின் கேன்டீனில் வேலை. கம்பெனி வேன் ஆறே காலுக்குச் சாலையில் வந்து நிற்கும்; ஆள் இல்லையென்றால் நிற்காது. வாசலில் காவலாளி ஜெபசிங், பட்டாளத்தில் இருந்து வந்த மனிதர், கையில் பித்தளை டோக்கனோடு தயங்கித் தயங்கி நின்றார். பக்கத்தில் ஜானகிராமன், முதல் நாள் என்பதால் நேரிலேயே வந்திருந்தார்.

"இன்னா ஜெபசிங் அண்ணாத்த, தெருவுல நடக்கறதுக்கு டோக்கனா?"

"செருப்புக்கு டோக்கன்மா" என்றார் ஜெபசிங், எங்கோ பார்த்துக்கொண்டு. "செருப்ப இங்க ராக்குல வச்சிட்டு, டோக்கன் வாங்கிட்டுப் போகணும். ஆர்டர்."

"வச்சிட்டு?"

"திரும்பி வந்து டோக்கனக் குடுத்தா செருப்பத் தந்திருவேன்."

செங்கம்மாள் ராக்கைப் பார்த்தார், தெருவின் மறுமுனையைப் பார்த்தார், தன் காலையும் பார்த்தார். "நான் அந்தாண்ட போய் வேன் ஏறணும். செருப்பு இந்தாண்ட கீது. வெறுங்காலோட சிங்கபெருமா கோயில் போயி, கொதிக்கற சாம்பார் அண்டாவாண்ட நின்னுகினு, சாய்ந்தரம் வந்து டோக்கன் குடுத்து வாங்கிக்கறதா? இன்னா சார் நாயம் இது?"

கேள்வி நியாயமானது என்பது ஜானகிராமனுக்கே உறைத்தது. தெரு என்பது ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறுவது. கோயில் மாதிரி போன வழியே திரும்புவதல்ல. அவர் மனம் இளகியது. மரியாதை குறையாமல் இதற்கு ஒரு வழி உண்டா என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார். கிடைத்துவிட்டது. முகம் மலர்ந்தது.

"ஒண்ணு செய்யுங்கம்மா. உங்களுக்காக விதியைத் தளர்த்தறேன். செருப்பைக் கழற்றிக் கையில எடுத்துக்கிட்டுப் போங்க. அந்த முனையில போய்ப் போட்டுக்குங்க."

ஜெபசிங் தலையைக் குனிந்துகொண்டார். இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டே கதை சொல்லி வந்த எனக்கும் இந்த இடத்தில் சிரிப்பு வரவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். செங்கம்மாளின் தாத்தா இடது காதில் வாங்கிய அடியில் கடைசிவரை அந்தக் காது கேட்காமலே செத்துப்போனவர்.

"திரும்பச் சொல்லு சார்" என்றார் செங்கம்மாள் மெதுவாக.

அவர் சரியாகக் கேட்கவில்லையாக்கும் என்று ஜானகிராமன் திரும்பவும், இன்னும் கொஞ்சம் பணிவாகச் சொன்னார்.

செங்கம்மாள் திரும்பி, ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு நடந்தார். சுற்றுவழி இரண்டு கிலோமீட்டர். அன்று வேன் போய்விட்டது. மறுநாள் ஐந்தே காலுக்கே கிளம்பிப் போனார். அதற்கு அடுத்த வாரம் ஏரிக்கரை மழையில் சேறாகி மறுபடியும் தவறியது. "இன்னொரு வாட்டி வேன வுட்டியானா வர்றதே வேணாம்" என்று கேன்டீன் காண்டிராக்டர் சொல்லிவிட்டார். செருப்பைக் கழற்றினால் வேலை நிலைக்கும். கழற்றமாட்டேன் என்பது செங்கம்மாளின் முடிவு.

"பிடிவாதம்" என்று வீட்டில் ஜானகிராமன் வருத்தப்பட்டார். "கோயிலுக்குப் போறா, கழற்றறா. சர்ச்சுக்குப் போறவங்களும் சில ஊர்ல கழற்றறாங்க. சொந்த ஊர்த் தலைவருக்குக் கழற்றமாட்டாளாம்."

கல்யாணி எழுந்து போய், கணவர் எழுதிய புத்தகத்தை உறையிலிருந்து உருவி, முப்பத்தேழாம் பக்கத்தைப் புரட்டி உரக்கப் படித்தார். "'செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போ என்று ஆணையிட்டனர் அந்தக் கொடியோர்.' இது நீங்க எழுதினதுதானே?"

"ஆமாம். அந்த இடத்துலதான் அழுதேன்."

"நீங்க செங்கம்மாகிட்டச் சொன்னதும் இதுதானே?"

"என்ன கல்யாணி, புரியாம பேசற? அவங்க அவமரியாதைக்காகச் சொன்னது. நான் மரியாதைக்காகச் சொல்றது."

"அவங்களும் மரியாதைன்னுதான் சொல்லியிருப்பாங்க" என்றார் கல்யாணி. ஜானகிராமன் புத்தகத்தை அவர் கையிலிருந்து வாங்கினார். முனை மடங்கியிருந்ததை நீவிச் சரிசெய்து, உறையில் போட்டு, அலமாரியில் வைத்தார்.

சித்திரை மாசம் பிறந்தது. நினைவிடத்தைத் தேசியப் பட்டியலில் நிரந்தரமாகச் சேர்க்கலாமா என்று பார்த்து அறிக்கை கொடுக்க டெல்லியிலிருந்து மூன்று பேர் குழு வருவதாகக் கடிதம் வந்தது. குழுவின் தலைவி ஷபானா என்கிற அம்மையார். ஆம்பூர்க்காரர், பாட்டன் காலத்திலிருந்து தோல் வியாபாரக் குடும்பம். ஜானகிராமன் மூன்று நாள் தூங்கவில்லை. கிரானைட்டைத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கினார். காலை ஒன்பது மணிக்கு வரவேண்டியவர்கள் என்பதால் எட்டு மணிக்கே தண்ணீர் தெளித்த தேங்காய்நார் விரிப்பையும் போட்டு வைத்தார். அவர்களோ வழியில் மாமல்லபுரத்தில் இறங்கிக் கற்கோயில் பார்த்து, இளநீர் குடித்து, பன்னிரண்டரை மணிக்கு வந்து சேர்ந்தார்கள். அதற்குள் நார்விரிப்பின் சாயம் கிரானைட்டில் இறங்குகிறது என்று பயந்து ஜானகிராமன் அதைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டிருந்தார்.

சித்திரை வெயில், உச்சிப்பொழுது, கறுப்புக்கல். வெங்காயம் போட்டால் வதங்கும்.

"காலணிகளை இங்கே விட்டுவிடலாமே, புனிதமான இடம்" என்று கைகூப்பினார் ஜானகிராமன். விருந்தாளிகள் நாகரிகமானவர்கள். மறுபேச்சில்லாமல் கழற்றினார்கள். கூட வந்த சரித்திரப் பேராசிரியர் சாக்ஸையும் உருவினார். ஜானகிராமன் ஏற்கனவே வெறுங்காலோடுதான் நின்றார்.

முதல் பத்து எட்டு கம்பீரமாகப் போனார்கள். பதினோராவது எட்டில் பேராசிரியர் "ஸ்ஸ்" என்றார். இருபதாவது எட்டில் வேகம் கூடியது. தலைவரின் இளமைக்காலத்தை விவரித்துக்கொண்டே நடந்த ஜானகிராமனின் வாக்கியங்கள் நடுநடுவே துண்டுபட்டன. "1936ல்... ஹா... அன்னார் இங்கேதான்... அம்மா... முதல் அடியை..." மூன்றாவது ஆளான அதிகாரி ஃபைலைத் தரையில் போட்டு அதன்மேல் ஏறி நின்றுவிட்டார். பேராசிரியர் கொக்குமாதிரி ஒற்றைக்காலில் நின்று காலை மாற்றிக்கொண்டிருந்தார். சிலைக்கடியில் முறம் அகலத்துக்கு நிழல் இருந்தது. தேசியக்குழு முழுவதும் அதை நோக்கி ஓடியது. ஓடி, கூண்டுக்கம்பியைப் பிடித்தார்கள். கம்பி கல்லைவிடச் சூடு. பட்டென்று விட்டார்கள். ஜானகிராமன் கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர் வழிந்தது. சாலையோரம் நின்ற பத்திரிகைக்காரர் அதைத் தலைவர்மேல் கொண்ட பக்தி என்று நினைத்துப் படமெடுத்துக்கொண்டார்.

அப்போது காலனிப் பக்க வாசலில் சரக் சரக்கென்று சத்தம் கேட்டது. செங்கம்மாள் வந்துகொண்டிருந்தார். அன்று அவருக்கு மதிய ஷிப்ட். வேன் ஒரு மணிக்கு. காலில் நீலவார் ரப்பர் செருப்பு, தலைக்குமேல் விரித்த குடை. ஏரிக்கரையைச் சுற்ற நேரமில்லை. இந்த வேனை விட்டால் வேலை இல்லை. ஜெபசிங் தடுக்க வேண்டிய இடத்தில் நின்றார். தடுக்கவில்லை, விறைத்து நின்று, பட்டாளத்தில் பெரிய அதிகாரிகளுக்கு வைக்கிற சல்யூட் ஒன்றை வைத்தார்.

"செருப்பு! செருப்பு!" என்று ஜானகிராமன் நிழலுக்குள் நின்றே கத்தினார். நிழலை விட்டு வெளியே வர அவர் காலுக்குத் தைரியமில்லை.

செங்கம்மாள் யாரையும் பார்க்காமல் நடுத்தெருவில் நடந்து சிலையருகே வந்தார். ஷபானா அம்மையார் துள்ளித் துள்ளி அவர் குடைக்குள் நுழைந்துகொண்டார்.

"என்னம்மா, எங்களுக்கு மட்டும்தான் இந்தத் தண்டனையா? நீங்க செருப்போட வர்றீங்களே?"

"எங்க தாத்தா ஒதை வாங்கி வாங்கிக் குடுத்த செருப்பு மேடம் இது. போட்டுகினுதான் போவேன்" என்றார் செங்கம்மாள். பிறகு அம்மையாரின் காலைப் பார்த்து, "ஐயே, வெந்துகினு கீதே" என்று தன் ஒரு செருப்பைக் கழற்றி அவர் பக்கம் தள்ளிவிட்டார். "இதுல ஏறி நில்லு மேடம். எனக்கு வேனுக்கு நேரமாவுது, சீக்கிரம் இன்னா கேக்கணுமோ கேளு."

ஷபானா அம்மையார் ரப்பர் செருப்பின்மேல் நின்றபடி கூண்டுக்குள்ளிருந்த சிலையை அண்ணாந்து பார்த்தார். கல்லில் செதுக்கிய அந்தச் செருப்பையும் பார்த்தார். வாசலில் இருந்த பித்தளைப் போர்டையும் திரும்பிப் பார்த்தார். ஆம்பூர்க்காரருக்கு விளங்க அதிகநேரம் ஆகவில்லை. அன்றைக்குச் செங்கம்மாள் வேனைப் பிடித்துவிட்டார். மூன்று பேரையும் அவரவர் செருப்போடு சேர்த்துவிட்ட ஜெபசிங் ஓடிப்போய் வேனைக் கைகாட்டி நிறுத்தியிருந்தார்.

பத்தே நாளில் கடிதம் வந்தது. "காலணி அணிந்து நடக்கும் உரிமையே இந்நினைவிடத்தின் சாரம். பார்வையாளர்களுக்குக் காலணி அனுமதிக்கப்பட வேண்டும். இவ்விதி மாற்றப்பட்டபின் நிரந்தரப் பட்டியலில் சேர்க்கப் பரிந்துரைக்கிறோம்." ஜானகிராமன் இரண்டு நாள் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் மனம் தெளிந்து எழுந்தார். மேலிடம் சொல்லிவிட்டதென்றால் அதற்கும் ஒரு மரியாதை உண்டல்லவா? ஆனால் "அனுமதி" என்கிற சொல் மரியாதைக்காரரின் அகராதியில் கிடையாது. அவருக்கு ஒன்று கூடாது, அல்லது கட்டாயம். நடுவில் ஒன்றும் இல்லை. பழைய போர்டு இறங்கியது. புதிய போர்டு ஏறியது: "புனிதமான இடம். காலணி அணிந்தவர்கள் மட்டுமே உள்ளே வரலாம்."

ஏரிக்கரை வழிக்கு வேலையில்லாமல் போயிற்று. செங்கம்மாளும் தினம் செருப்போடு நடந்தார். எல்லாம் சுபம் என்று நினைத்திருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சாலைப் பக்க வாசலில் வேண்டா என்கிற பெண் வந்து நின்றார். சதுரங்கப்பட்டினம் குப்பத்திலிருந்து அன்னக்கூடையில் மீன் கொண்டுவந்து காலனியில் விற்கிறவர். ஆயுசில் செருப்புப் போட்டதில்லை.

ஜானகிராமன் கைகூப்பி வழிமறித்தார். "மன்னிக்கணும்மா. காலணி இல்லாம உள்ளே விடறதுக்கில்லை. தலைவர் செருப்புக்காகப் போராடினவர். வெறுங்காலோட நடந்தா அவருக்கு அவமரியாதை."

"இன்னாபா சொல்ற? போன மாசம் செருப்ப அவுருன்ன, இந்த மாசம் மாட்டுன்ற. மணல்ல நடக்கற காலு சார் இது. எனக்குச் செருப்பே கெடயாது. வஞ்சிரம் நாறிப்பூடும், வழிய வுடு."

"ஏரிக்கரைப் பக்கமா ஒரு வழி இருக்கும்மா" என்றார் ஜானகிராமன் அன்போடு.

மீன் வாங்கலாமென்று எதிர்ப்பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த செங்கம்மாள் காதில் அது விழுந்தது. அவர் ஒன்றும் சண்டை போடவில்லை. நேராக வாசலுக்கு வந்து, வலதுகால் செருப்பைக் கழற்றி வேண்டா முன்னால் போட்டார். "மாட்டு" என்றார். வேண்டா மாட்டினார். ஆளுக்கு ஒரு கால் செருப்போடு இரண்டு பேரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, கூடையில் வஞ்சிரம் ஆட, சிரித்துச் சிரித்துத் தெரு நடுவே நடந்து போனார்கள். ஜானகிராமன் ஜெபசிங்கைப் பார்த்தார்.

ஜெபசிங் போர்டுக்கு முன்னால் நின்று ஒவ்வொரு எழுத்தாக நிதானமாகப் படித்துவிட்டு, "எத்தன காலுக்குன்னு இதுல போடலியே சார்" என்றார்.

இப்போது நீங்கள் ஆலப்பட்டுக்குப் போனால் ஜானகிராமன் அலுவலக அறையில் திருத்தம் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். தெருவில் ஆட்கள் நடமாடிக்கொண்டிருப்பார்கள், ஒற்றைச் செருப்போடு சிலரும். அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு வாருங்கள், தவறில்லை. நானும் சிரித்துவிட்டுத்தான் வந்தேன்.

ஆனால் சிரித்து முடித்த கையோடு ஒரு சின்ன வேலை. நீங்கள் நல்லவர். உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற அம்மாவுக்குத் தினமும் காபி கொடுக்கிறீர்கள். சூடாக, சர்க்கரை தூக்கலாக, "உட்கார்ந்து குடிங்கம்மா" என்று மரியாதையாகவே கொடுக்கிறீர்கள். எழுந்து சமையலறைக்குப் போய், அவர் குடிக்கிற அந்த டம்ளர் எங்கே இருக்கிறதென்று பார்த்துவிட்டு வாருங்கள். மற்ற டம்ளர்களோடு கலந்து, எதுவென்று தெரியாமல் கிடந்தால், நான் சொன்னது அத்தனையும் வாபஸ். ஜன்னலோரமாக அது மட்டும் தனியாகக் கவிழ்ந்திருந்தால், யாரிடமும் ஒன்றும் சொல்ல வேண்டாம். அதை எடுத்து, அதிலேயே உங்களுக்கும் ஒரு காபி ஊற்றிக் குடித்துப் பாருங்கள்.